வெண்டல் க்ரைடர் சொன்ன எண்

வாரநாட்களில் வெண்டல் க்ரைடர் ஐஸ் இயந்திரம் பழுதுபார்ப்பவன். ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில், டைட்டஸ்வில்லில் தொடங்கித் தெற்கே முப்பது மைல் வரை, மீன் இறங்குதுறையிலோ சாலையோர உணவகத்திலோ எங்கே ஐஸ் விழாமல் நின்றாலும் அவனுடைய வெள்ளை வேன் போய் நிற்கும். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, ஆண்டில் பதினைந்து நாள், அதற்கு மேல் எப்போது கூப்பிட்டாலும் அப்போது, அவன் ரிசர்வ் விமானப்படைக்காரன். மீட்பு ஹெலிகாப்டரில், ஆட்களைக் கம்பிவடத்தில் ஏற்றி இறக்கும் வின்ச்சை இயக்குபவன். பதினெட்டு ஆண்டுகளாக அதே கதவு, அதே முழங்கால் வலி.

வின்ச்காரனுக்கு இரண்டு வேலை. ஹெலிகாப்டரை ஓட்டுகிறவருக்குத் தன் வயிற்றுக்கு நேர்கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாது. திறந்த கதவில் மண்டியிட்டுக் கீழே பார்க்கிறவன்தான் அவருக்குக் கண். “முன்னால அஞ்சடி... நாலு... மூணு... வலப்பக்கம் ரெண்டு... நில்லுங்க” என்று அவன் சொல்லச் சொல்ல, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே பத்து டன் இரும்பும் நகரும். இரண்டாவது வேலை கணக்கு. இந்த வெயிலில், இந்த எடையோடு, இவ்வளவு எரிபொருளோடு, இன்னும் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு இந்த இயந்திரம் அந்தரத்தில் நிற்கும் என்று தொடையில் கட்டியிருக்கும் அட்டையில் போட்டு ஓர் எண் சொல்ல வேண்டும். அந்த எண்ணை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் பறக்க முடியாது.

யோலாண்டா ப்ரிம் இந்தப் பிரிவுக்கு வந்து ஏழே ஆண்டுதான் ஆகியிருந்தது. அவளும் வின்ச் இயக்குபவள்தான்; வாரநாட்களில் ஃபோர்ட் பியர்ஸில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டிருக்கையில் குரலை உயர்த்தாமல் பேசிப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டைதான் வெண்டலின் நிம்மதியைக் கெடுத்தது.

வெண்டல் பதினோரு ஆண்டு எந்த விமானியுடன் பறந்தானோ, அந்த மேஜர் டன்னவே ஒரு நாள் அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே சொன்னார்:

“ப்ரிம் பேசினா ஊசியில நூல் கோக்கற மாதிரி இருக்குப்பா. நான் எதுவுமே பண்ணலை, தானா போய் நிக்குது மெஷின்.”

“நல்ல பொண்ணு” என்றான் வெண்டல். “நம்மகிட்டதான கத்துக்கிட்டா.”

“உன்கிட்டயா? நீ ஏலம் விடற மாதிரில்ல கத்துவ?”

எல்லாரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தான். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், வேனுக்குள் தனியாக உட்கார்ந்து, “முன்னால அஞ்சு... நாலு...” என்று தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்த்தான். அவனுக்கே பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து அவளைக் கவனிப்பது அவனுக்கு இன்னொரு உத்தியோகமாயிற்று. கையுறையை எந்தக் கையில் முதலில் போடுகிறாள், அட்டையில் எத்தனை முறை அடித்து எழுதுகிறாள், எந்த விமானி அவளிடம் கூடுதலாக ஒரு வார்த்தை பேசுகிறார். அவள் தவறு செய்வாள் என்று காத்திருந்தான். அவள் செய்யவில்லை. செய்திருந்தால் ஒருவேளை அவளை அவனுக்குப் பிடித்துப்போயிருக்கும்.

அந்தக் கோடையில் பிரிவில் ஒரு முழுநேர வேலை காலியாயிற்று. ரிசர்வ் படையென்றாலும் வாரம் முழுவதும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளச் சிலர் நிரந்தரமாக வேண்டும். வெண்டல் அந்த நாற்காலியைப் பத்து ஆண்டுகளாகக் கனவு கண்டவன். ஐஸ் கம்பெனி முதலாளி ஒவ்வொரு முறை அவன் சீருடையோடு கிளம்பும்போதும், “நாட்டுக்கு நீ தேவைப்படறப்பல்லாம் என் ஐஸ் உருகிப்போகுதுடா” என்பார். சட்டம் அவனை வேலையை விட்டு நீக்கவிடாது. ஆனால் சம்மட்டியால் அடிக்காமலே ஒரு மனிதனை நசுக்க முதலாளிகளுக்கு ஆயிரம் வழி தெரியும். மிகத் தூரமான பழுது, மிக அழுக்கான கிடங்கு, எல்லாம் வெண்டலுக்கே.

பிரிவின் தலைவர் கர்னல் ஆஷ்பர்ன் இருவரையும் கூப்பிட்டார். “உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான். புயல் பருவம் முடியட்டும், சொல்றேன்.”

வெளியே வந்ததும் ப்ரிம் கை நீட்டினாள். “உங்களுக்குத்தான் கிடைக்கும் வெண்டல். பதினெட்டு வருஷம்ல?”

அவள் மனதாரச் சொன்னாள். அதுதான் அவனுக்கு எரிந்தது.

ஆகஸ்ட் கடைசியில் புயல் கோர்வேல் நகரத்தை அடித்தது.

வளைகுடாக் கரையில், கடலைவிடத் தாழ்ந்த தரையில் கட்டிய ஊர் கோர்வேல். கரையணை மேற்கே பெரிய வீடுகளின் பக்கம் உயரமாகவும், கிழக்கே துறைமுகக் கூலிகளின் பக்கம் குட்டையாகவும் இருந்தது. தண்ணீர் அந்த வேறுபாட்டைச் சரியாகப் படித்துக்கொண்டு வந்தது. ஊரைக் காலி செய்யுங்கள் என்று இரண்டு நாள் முன்பே உத்தரவு போட்டார்கள். கார் வைத்திருந்தவன் போனான். இல்லாதவனுக்கு உத்தரவு வந்தது, பேருந்து வரவில்லை. பிறகு தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட ஒருவர் இதை ஆண்டவனின் சோதனை என்றார். ஆண்டவன் பாவம், கரையணைக்குப் பணம் ஒதுக்கும் கூட்டத்தில் அவருக்கு ஓட்டு இல்லை.

நிரந்தரப் படையின் ஹெலிகாப்டர்கள் பல அப்போது வேறு யாருடைய நாட்டிலோ சண்டைக்குப் போயிருந்தன. ஆகவே கோர்வேலின் கூரைகளுக்கு மேலே வந்தவர்கள் ஒரு பேருந்து ஓட்டுநர், ஒரு ஐஸ் மெக்கானிக், ஒரு தீயணைப்புக்காரன், தொடக்கப்பள்ளிக் கணக்கு வாத்தியார் ஒருவர். ஊருக்கு வடக்கே தண்ணீர் எட்டாத ஒரு சின்ன விமான நிலையத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள்.

கூடாரத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. யாரும் உத்தரவிடவில்லை, முதல் நாள் யாரோ விளையாட்டாக வின்ச்காரர்களின் பெயரை எழுதி, அவரவர் தூக்கிய ஆளுக்கு ஒரு கோடு போட்டார்கள். இரண்டாம் நாள் பத்திரிகைக்காரர் ஒருவர் அதைப் படம் எடுத்தார். மூன்றாம் நாள் காலையில் கர்னல் காப்பிக் குவளையோடு அதன் முன்னால் நின்று தலையை ஆட்டினார். ஓடிப்போய் ஏறிய வாலிபனுக்கும் ஒரு கோடு; கட்டிலோடு தூக்க வேண்டியவருக்கும் ஒரு கோடு. இதில் என்ன நியாயம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று காலை: ப்ரிம் அறுபத்தொன்று, க்ரைடர் ஐம்பத்தேழு. வெண்டல் அந்த நாலு கோட்டையும் விழுங்கிக்கொண்டுதான் பறக்கப் போனான்.

பத்தரை மணிக்கு, கிழக்குப் பக்கத்தில், ஒரு மரவீட்டின் கூரையில் உள்ளிருந்து கோடாலியால் வெட்டிய ஓட்டை தெரிந்தது. ஓட்டையின் பக்கத்தில் சமையல் மேலாடை கட்டிய ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். கீகனைக் கம்பிவடத்தில் இறக்கினான் வெண்டல். கீகன் மீட்பு வீரன், ஊரில் தீயணைப்புக்காரன். அவன் ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு ரேடியோவில் பேசினான்.

“உள்ளே அவங்க வீட்டுக்காரர் இருக்காரு. கனமான ஆளு, முன்னூறு பவுண்டுக்கு மேல. ஆக்சிஜன் சிலிண்டர் தீரப்போகுது. ஓட்டையைப் பெருசாக்கி, ஸ்ட்ரெச்சர்ல கட்டித் தூக்கணும். அரை மணி நேரம் ஆகும். தாங்குமா?”

வெண்டல் அட்டையைப் பார்த்தான். தாங்கும். மிச்சம் கொஞ்சம்தான், ஆனால் தாங்கும்.

நிமிர்ந்தபோது இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தின் தட்டையான கூரை கண்ணில் பட்டது. அதன்மேல் பதினோரு பேர் நின்று சட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நிற்கக்கூடியவர்கள்; தட்டைக் கூரையை ஒட்டித் தாழ நின்றால் தாமே ஏறிக்கொள்வார்கள், அதற்கு இயந்திரத்தில் இவ்வளவு பலம் வேண்டாம். தண்ணீர்கூட அவர்கள் பாதத்துக்கு ஒரு மாடி கீழேதான் இருந்தது. பதினோரு கோடு, இருபது நிமிஷம்.

“வெண்டல், எண் சொல்லு” என்றார் மேஜர் டன்னவே.

“பத்தாது, மேஜர்.”

“பத்தாதா?”

“இந்த வெயில்ல இந்த எடையோட, அவரைக் கட்டித் தூக்கற வரைக்கும் இவ்வளவு உயரத்துல அரை மணி நேரம் நிக்காது. எரிபொருள் குறையணும். அப்புறம் யாராவது வரட்டும்.”

“நிச்சயமாத்தானே?”

“நிச்சயமா.”

மேஜர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கீகன் தன்னிடமிருந்த தண்ணீர்ப் புட்டிகளை மூதாட்டியின் மடியில் வைத்தான். அவர் அவன் காலணியைப் பிடித்துக்கொண்டதும், அவன் ஒவ்வொரு விரலாக விலக்கியதும் மேலேயிருந்து தெரிந்தது. கம்பிவடம் ஏறும்போது அவர் கீகனைப் பார்க்கவில்லை. கதவில் மண்டியிட்டிருந்தவனைப் பார்த்தார்.

பள்ளிக் கூரையில் வேலை பதினெட்டு நிமிஷத்தில் முடிந்தது. அன்று மாலைக்குள் வெண்டலின் பெயருக்கு நேரே இருபத்தாறு புதுக் கோடுகள். ப்ரிம்முக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் இரண்டு கோடுகளுக்கு அவளுடைய ஹெலிகாப்டர் முப்பத்தொரு நிமிஷம் ஒரே கூரைமேல் நின்றிருந்தது. டன்னவே ரேடியோவில் சொல்லி வைத்திருந்த அதே வீடு.

கூடாரத்துக்குப் பின்னால், உப்புத் தண்ணீரில் ஊறிய வின்ச் கொக்கியை வெண்டல் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தபோது ப்ரிம் வந்தாள். முகமெல்லாம் மரத்தூள்.

“அந்த ஓட்டை வீட்டுக்கு நாங்க பன்னெண்டு மணிக்குப் போனோம்” என்றாள்.

“தெரியும். நல்ல காரியம்.”

“பன்னெண்டு மணி வெயில். அப்பத்தான் எரிபொருள் ரொப்பிட்டுப் போயிருந்தோம். உங்களைவிடக் கனமா இருந்தோம். தூக்கிட்டோம்.”

வெண்டல் கொக்கியைத் திருப்பித் திருப்பித் துடைத்தான்.

“நாங்க தூக்க முடியும்னா, பத்தரைக்கு நீங்க தூக்கியிருக்கலாம். நான் உங்க கணக்கை மூணு தடவை போட்டுப் பார்த்தேன். அவருக்கு சிலிண்டர் பதினொண்ணே காலுக்கே தீந்துபோச்சு, வெண்டல். முக்கால் மணி நேரம் உதடு நீலமாகி, அந்தம்மா விசிறியால விசிறிக்கிட்டிருந்தாங்க.”

“இருக்காரா?”

“இருக்காரு. விளையாட்டு மைதான முகாம்ல வெச்சிருக்காங்க.” அவள் நெருங்கி வந்தாள். “கை தவறிப் போட்ட கணக்கா? இல்ல வேணும்னே சொன்னதா?”

அவன் கொக்கியை மறுபடி தண்ணீரில் முக்கினான். அவள் காத்திருந்தாள். ஒரு பேருந்து நிறைய பிள்ளைகளில் எவன் காகிதம் எறிந்தான் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே காத்திருப்பவள் அவள்.

“சரி” என்றாள் கடைசியில். “நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை. சொன்னா வேலைக்காக சொன்னேன்பாங்க. அது எனக்குத் தேவையில்லை.”

அவள் போய்விட்டாள். வெண்டலுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கத்தியிருந்தால், கர்னலிடம் ஓடியிருந்தால், ‘பார், இவளும் என்னைப் போலத்தான்’ என்று இருந்திருப்பான். வாயை மூடிக்கொண்டு அவனைவிட ஒரு படி மேலே போய் நின்றுகொண்டாளே! இப்போது அவள் குரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டது போதாதென்று அவள் மௌனத்தையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருந்தது.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பணி முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்வார்கள். சட்டையில் ஒட்டியிருக்கும் பதவிப் பட்டையைக் கழற்றி ஒரு தலைக்கவசத்துக்குள் போடுவார்கள். அதன்பின் அங்கே கர்னலும் இல்லை, சார்ஜென்ட்டும் இல்லை. ஒவ்வொருவரும் தன் தவறைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்ன தவறுக்குத் தண்டனை கிடையாது. யாரும் வெளியே பேசவும் கூடாது. மறைத்தால்தான் குற்றம். நல்ல வழக்கம். கோவில், கோர்ட் எதிலும் இவ்வளவு சுலபமாக உண்மை வெளியே வந்து நான் கேட்டதில்லை.

எட்டாம் நாள், ஊர் திரும்புவதற்கு முந்தைய பகலில், அந்த வட்டம் கூடியது. பலகையில் க்ரைடர் நூற்று நாற்பத்திரண்டு, ப்ரிம் நூற்றுப் பதினொன்று. டன்னவே தான் ஒரு மின்கம்பியைக் கவனிக்காததைச் சொன்னார். கீகன் ஒரு மருந்துப் பையை மறந்ததைச் சொன்னான். ப்ரிம் தன் முறையில் ஏதோ ஒரு கொக்கிச் சிக்கலைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

வெண்டலின் முறை வந்தது. வழி அவனுக்கு முன்னால் அகலமாகத் திறந்து கிடந்தது. ஐந்து நாளாக அதைத்தான் யோசித்திருந்தான்.

“மூணாம் நாள் ஒரு வீட்டுல என் கணக்கு பிசகிடுச்சு” என்றான். “தூக்கியிருக்கலாம். நான் பத்தாதுன்னு சொல்லிட்டேன்.”

டன்னவே மெல்ல விசிலடித்தார். “அந்த வெயில்ல யாருக்கும் பிசகும்ப்பா.”

“நானும்தான் உன்னை அவசரப்படுத்தினேன்” என்றான் கீகன். அவன் கண்ணில் உண்மையான கருணை இருந்தது.

கர்னல் முன்னால் குனிந்தார். “இதைத்தான் நான் பார்க்கணும்னு நினைச்சேன். யாரும் கேக்காமலே சொல்றான் பாருங்க. பதினெட்டு வருஷம் அனுபவம்னா இதுதான்.”

வேலை கிடைத்துவிட்டது. அந்த வார்த்தையின் தொனியிலேயே தெரிந்தது. ஐஸ் வேன், முதலாளியின் வாய், அழுக்குக் கிடங்கு எல்லாம் அந்த நொடியில் அவனைவிட்டுக் கழன்று போயின. வெண்டல் ப்ரிம்மைப் பார்த்தான். அவள் முறைத்திருந்தால் எல்லாம் அப்படியே முடிந்திருக்கும். அவள் முறைக்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைகளில் கூரைமரம் கிழித்த கீறல்கள் இன்னும் ஆறவில்லை. இனி ஆயுள் முழுவதும் தினம் காலையில் தான் அந்த நாற்காலியில் உட்காரும்போது, ஃபோர்ட் பியர்ஸில் ஒருத்தி தன்னைவிட உயரமாக ஒரு பேருந்தை ஓட்டிக்கொண்டிருப்பாள் என்று அவனுக்குப் புரிந்தது. அதை அவனால் தாங்க முடியவில்லை. நல்லெண்ணமா? இல்லை. அதுவும் பொறாமைதான்.

“பிசகலை” என்றான்.

“என்னது?”

“கணக்கு பிசகலை. சரியாத்தான் போட்டேன். தாங்கும்னு தெரியும். பொய் சொன்னேன்.”

கீகன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“எதுக்குடா?” என்றார் டன்னவே. பதினோரு ஆண்டு அவன் எண்ணை நம்பி அந்தரத்தில் நின்றவர்.

வெண்டல் பலகையைக் காட்டினான். “ப்ரிம் என்னைவிட நாலு கோடு முன்னால இருந்தா.”

கர்னல் எழுந்து தலைக்கவசத்திலிருந்து தன் பட்டையைத் தேடி எடுத்துச் சட்டையில் ஒட்டிக்கொண்டார். வட்டம் முடிந்தது என்று அதற்குப் பொருள். தவறுக்குத்தான் மன்னிப்பு, பொய்க்கு அந்த வழக்கத்தில் இடமில்லை. “க்ரைடர், இன்னிலேர்ந்து நீ பறக்க வேண்டாம்” என்றார். வெளியே போகும்போது ஈரத்துணியை எடுத்துப் பலகையை அழித்தார். முதல் நாளே அழித்திருக்கலாம். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் அதைத் தன் தவறாக அந்த வட்டத்தில் சொல்லவில்லை.

ப்ரிம் தன் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வெண்டல் அவளிடம் போனான். ஏதோ ஒரு நன்றியை எதிர்பார்த்துத்தான் போனான், அதை மறைத்து என்ன பயன்.

“இனி வேலை உனக்குத்தான்.”

அவள் பையின் வாரை இழுத்து இறுக்கினாள். “நீ விட்டுக்குடுத்து எனக்கு வர்ற வேலை இல்ல அது. வரவேண்டிய வேலை. உன் கையால வாங்கிக்கிட்ட மாதிரி ஆக்காதே.”

“நான் உண்மையைச் சொன்னேனே, ப்ரிம்.”

“என்னை எதுக்கு சுத்தற? நானா அந்தக் கூரையில உக்காந்திருந்தேன்? போ. மைதானம் நாலு மைல்தான். அவங்ககிட்ட போய் சொல்லு.”

போனான். விளையாட்டு மைதானத்தின் உள்ளரங்கில் ஆயிரம் கட்டில்கள். வரிசை வரிசையாகத் தேடி, பிற்பகல் சாப்பாட்டு நேரத்தில் அவர்களைக் கண்டுபிடித்தான். ஓபலின் டோசியே என்று கட்டில் காலில் அட்டை தொங்கியது. கணவர் அல்சிட் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். ஓபலின் அவருக்குச் சிவப்பு பீன்ஸும் சோறும் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். சீருடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அந்தப் பொண்ணு வரலையா? எங்களைத் தூக்கின பொண்ணு?”

“இல்லம்மா. நான்... அதுக்கு முன்னால வந்த ஹெலிகாப்டர்.”

அவர் உற்றுப் பார்த்தார். மலர்ச்சி நின்றது. “கதவுல இருந்தவன்.”

“ஆமா.”

“இடமில்லைன்னு அந்தத் தம்பி சொன்னானே.”

“இடம் இருந்துச்சும்மா. நான் இல்லைன்னு சொன்னேன்.”

அல்சிட் மெல்வதை நிறுத்தினார். ஓபலின் கரண்டியைத் தட்டில் வைத்தார். “எதுக்கு?”

அவன் பலகையைப் பற்றிச் சொன்னான். கோடுகளைப் பற்றிச் சொன்னான். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக ஒலிக்கிறது என்று கேட்டது. ஓபலின் குறுக்கிடாமல் கேட்டார்.

“அன்னிக்கு உனக்கு எத்தனை வந்துச்சு?”

“இருபத்தாறு.”

“அவளுக்கு?”

“ஒன்பது.”

“அதுல நாங்க ரெண்டா?”

“ஆமாம்மா.”

ஓபலின் கணவரின் வாயோரத்தைத் துடைத்தார். மேலாடைப் பையைத் துழாவி ஒரு மருந்துச் சீட்டை எடுத்து, பின்பக்கம் திருப்பி நீட்டினார்.

“அந்தப் பொண்ணு பேரும் விலாசமும் எழுதிக் குடு. ஊர் வடிஞ்சதும் நான் அவளுக்குக் கடுதாசி போடணும்.”

வெண்டல் கட்டிலின் விளிம்பில் சீட்டை வைத்து எழுதினான். யோலாண்டா ப்ரிம். விமானப் பிரிவின் விலாசம். எழுத்து ஒவ்வொன்றையும் தெளிவாகப் போட்டான். ஓபலின் வாங்கி, கண்ணருகே கொண்டுபோய் ஒரு முறை வாய்விட்டுப் படித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு கரண்டியை எடுத்தார்.

வெண்டல் பேனாவை மூடாமல் இன்னும் சற்று நேரம் நின்றான். அவன் பெயரை அவர் கேட்கவில்லை.